மலிவு விலை மடக்குக் கத்திகளின் தரம்: ஒரு வாசகரின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நுகர்வோர் பக்கத்தில் மலிவு விலை மடக்குக் கத்திகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அயல்நாட்டில் செய்து குறைந்த விலைக்கு விற்கப்படும் மடக்குக் கத்திகள் எல்லாம் ஒரே குப்பை என்றும், நல்ல கத்தி வேண்டுவோர் பெயர்பெற்ற நாட்டின் முத்திரையைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு என்றும் அதில் முடிவு சொல்லப்பட்டிருந்தது. கருவிப் பட்டறை ஒன்றில், அதிலும் பெரும்பகுதி உருக்கைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலையின் அருகில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காக, விலை குறைந்த கத்திகள் எல்லாம் நல்லவை என்று வாதாட வரவில்லை. அவற்றுள் ஒன்று என் விரலையே பதம் பார்த்திருக்கிறது, அந்தக் கதையும் இக்கடிதத்தில் வரும். செய்த நாட்டையும் விலையையும் வைத்துக் கத்திக்குத் தீர்ப்பு எழுதுவது சோம்பல் என்பதும், கையில் எடுத்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் அதன் தரத்தைப் பெரும்பாலும் எவரும் கண்டுகொள்ளலாம் என்பதுமே என் கட்சி.

முதலில் நாட்டு முத்திரையைப் பற்றி. 1876ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் சென்றிருந்த பொறியியல் அறிஞர் ஃப்ரான்ஸ் ராய்லோ, தம் நாட்டுப் பொருள்களைப் பற்றி ஊருக்கு எழுதும்போது ‘மலிவு, மட்டம்’ என்றுதான் எழுதினார். அக்காலத்தில் ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரமான சோலிங்கனில் செய்த கத்திகளில் ஷெஃபீல்டு என்று பொய் முத்திரை குத்தி விற்கிறார்கள் என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர்களும் முதலாளிகளும் புலம்பினார்கள். 1887இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டத்துக்கு அந்தப் புலம்பல் ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் செய்தது என்ற வாசகம் மட்டமான சரக்கைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகத்தான் அந்தச் சட்டத்தின் விளைவாகப் பொருள்களின் மேல் ஏறியது. அரை நூற்றாண்டு கழித்து, 1938இல், சோலிங்கன் என்ற பெயரைப் பிறர் திருடிக்கொள்ளாமல் காக்க ஜெர்மனியே தனிச் சட்டம் போட வேண்டிய நிலை வந்தது. இன்று சோலிங்கன் முத்திரையைக் கண்டால் மறுகேள்வி கேட்காமல் பணத்தை எடுத்து வைப்பவர்கள் இந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். சீனாவின் குவாங்டோங் மாநிலத்துக் கத்தித் தொழில் நகரமான யாங்ஜியாங் இப்போது கேட்கும் ஏச்சு, சோலிங்கன் அன்று கேட்ட அதே ஏச்சுதான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் தன் கத்திகள் சிலவற்றைத் தைவானின் தைச்சுங்கிலும், சிலவற்றை ஜப்பானின் செகியிலும், விலை குறைந்த சில வகைகளைச் சீனாவிலும் செய்து வாங்குகிறது. கத்தி விஷயத்தில் கரார் பேர்வழிகள் என்று பெயர் எடுத்தவர்களே அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். அலகின் அடியில் பொறித்திருக்கும் நாட்டின் பெயர் அது எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது.

விலையும் அப்படியே. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒப்பினெல் கத்தி ஒரு மரப்பிடி, ஒரு மெல்லிய அலகு, ஓர் ஆணி, 1955இல் சேர்க்கப்பட்ட ஒரு திருகு வளையப் பூட்டு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத எளிய பொருள். ஈரம் பட்டால் மரம் ஊதி அலகைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும் குறை அதற்கு உண்டு. ஆயினும் அந்த மெல்லிய அலகு வெட்டும் வெட்டைப் பன்மடங்கு விலையுள்ள பருத்த கத்திகள் பல வெட்டுவதில்லை. விலை கூடும்போது முதலில் கூடுவது பிடியின் பொருளும், மெருகும், பெட்டியும்தான். வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், தரம் அதே விகிதத்தில் கூடுவது அரிது.

அப்படியென்றால் மலிவில் என்னதான் பறிபோகிறது? என் அனுபவத்தில், பறிபோவது ஒரு கத்திக்கும் மறு கத்திக்கும் இடையிலுள்ள ஒப்புமை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மலிவு விலைக் கத்திகளில் அந்தக் கணக்கு செல்லாது. தொழிற்சாலையில் உருக்கை விடவும் விலையுயர்ந்தது மனிதக் கையின் நேரம். பூட்டு உட்காரும் முகத்தை ஒவ்வொரு கத்திக்கும் பொருத்திப் பார்த்துத் தேய்ப்பதும், உலையிலிருந்து வந்த ஒவ்வொரு தொகுதியிலும் கடினத்தை அளந்து பார்ப்பதும், கோணலாக வந்ததைத் தூக்கிப் போடுவதும் நேரம் கேட்கும் வேலைகள். சிக்கனம் முதலில் கைவைக்கும் இடங்களும் அவைதான். எனவே ஒரே அச்சு, ஒரே பெயர், ஒரே பெட்டி என்று இருக்கும் இரண்டு கத்திகளில் ஒன்று பத்து ஆண்டு உழைக்கும், மற்றொன்று பத்தாம் நாள் ஆடத் தொடங்கும். என் மேசையில் அப்படி ஓர் இணை இருக்கிறது. ஒருவர் இந்த வகை நல்லது என்று சொல்வதையோ, வேறொருவர் இந்த வகை மோசம் என்று சொல்வதையோ கேட்டு வாங்குவதைவிட, கைக்கு வந்த அந்தக் குறிப்பிட்ட கத்தியையே சோதிப்பது இதனால்தான் அவசியமாகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது சரி. இது காசு கொடுத்து வாங்கும் மாடு.

சோதனையை எழுத்திலிருந்து தொடங்கலாம். அலகின் மேல் உருக்கின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாமல், ‘துருப்பிடிக்காத உருக்கு’ என்றோ ‘அறுவைச் சிகிச்சை உருக்கு’ என்றோ மட்டும் இருந்தால், தயாரிப்பாளர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். அறுவைச் சிகிச்சை உருக்கு என்று தனியாக ஓர் உருக்கு கிடையாது. அது விற்பனைச் சொல். பெயர் இருந்தால் அதைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சீன உருக்குகளின் பெயரில் முதலில் வரும் எண், கார்பன் அளவு நூற்றுக்கு எத்தனை பத்தில் ஒரு பங்கு என்பதையும், சிஆர் என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண் குரோமியம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும் ஏறத்தாழக் குறிக்கும். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3 விழுக்காடு, குரோமியம் 13 விழுக்காடு. 8சிஆர்13எம்ஓவி என்றால் கார்பன் 0.8 விழுக்காடு, குரோமியம் அதே 13, கூடவே சிறிது மாலிப்டினமும் வனேடியமும். முன்னது துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் அதில் கூர் நிற்காது. பரிசுப் பெட்டிகளில் வரும் பளபளப்பான கத்திகள் பெரும்பாலும் அந்த இனம். பின்னது, சரியாகப் பதப்படுத்தப்பட்டால், அன்றாட வேலைக்குப் போதுமான உருக்கு. மழுங்கினாலும் சாணைக்கல்லில் சில நிமிடங்களில் வாய் திரும்பிவிடும்.

இதைவிட ஒரு படி மேலாக மலிவு விலைக் கத்திகளில் இப்போது அடிக்கடி காணப்படுபவை டி2, 14சி28என் என்ற இரண்டு. டி2 அடிப்படையில் அச்சுகளுக்கும் வெட்டுக் கருவிகளுக்கும் உரிய உருக்கு. பட்டறையில் அதனோடு மல்லுக்கட்டியே என் இளமை போயிற்று. கார்பன் ஒன்றரை விழுக்காடு, குரோமியம் ஏறத்தாழ 12. குரோமியம் அவ்வளவு இருக்கிறதே, துருப்பிடிக்காதே என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பன் தன்னோடு கட்டிக்கொண்டு கடினமான மணிகளாக மாற்றிவிடுகிறது. துருவைத் தடுக்க எஞ்சி நிற்பது குறைவு. வியர்வையோடு சட்டைப்பையில் கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். அந்த மணிகளால்தான் அது கூரை நெடுநாள் வைத்திருக்கிறது, அந்த மணிகள் பெரியவை என்பதால்தான் வாய் மெல்லியதாக இருந்தால் உதிரவும் செய்கிறது. ஸ்வீடன் நாட்டு உருக்கான 14சி28என்னில் கார்பன் 0.62 விழுக்காடும், குரோமியம் 14 விழுக்காடும், மிகச் சிறிய அளவில் நைட்ரஜனும் உள்ளன. மணிகள் நுண்ணியவை, துரு எளிதில் அண்டாது, சாணையும் எளிதாக ஏறும். மழையிலும் வியர்வையிலும் புழங்குகிறவர் என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவில் தயங்காமல் பின்னதையே சொல்வேன்.

இங்கே ஒரு தவறான சோதனையைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. காந்தம் ஒட்டினால் அது நல்ல எவர்சில்வர் இல்லை என்று பாத்திரம் வாங்கும்போது பார்க்கும் பழக்கத்தை அப்படியே கத்திக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். தங்கள் கட்டுரையிலும் அந்த யோசனை இருந்தது. காந்தம் ஒட்டாத பாத்திர உருக்கைச் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. தோய்ச்சலுக்குக் கட்டுப்படும் துருப்பிடிக்காத உருக்குகள் அனைத்தும் காந்தத்தில் ஒட்டும். உருக்கு அலகுள்ள ஒரு மடக்குக் கத்தியில் காந்தம் ஒட்டவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

உருக்கின் பெயர் மெய்யாகவே இருந்தாலும், அதற்குக் கொடுத்த தோய்ச்சல் சரியாக இல்லை என்றால் பெயரால் பயனில்லை. என் தொழில் இது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். 8சிஆர்13எம்ஓவி போன்ற உருக்கை ஏறத்தாழ 1050 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, கார்பனும் குரோமியமும் உருக்குக்குள் கரையும்வரை வைத்திருந்து, சட்டென்று குளிரவைத்து, பிறகு 200 பாகைக்குச் சற்றுக் கீழே மீண்டும் இளஞ்சூடு காட்டி ஆற்ற வேண்டும். உலையின் சூடு குறைந்தால் கார்பன் முழுதாகக் கரையாமல் அலகு மென்மையாகிப் போகும், துருவுக்கும் இடம் கொடுக்கும். சூடு மிகுந்தால் உருக்கின் உள்ளே உள்ள படிகங்கள் பருத்து அலகு நொறுங்கும் குணத்துக்கு வரும். ஒரே உலைத் தட்டில் நடுவில் கிடந்த அலகுக்கும் ஓரத்தில் கிடந்த அலகுக்கும் வேறுபாடு வருவதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். நல்ல உலையில் நன்றாகப் பதப்படுத்திய எளிய உருக்கு, அவசரமாகப் பதப்படுத்திய உயர்ந்த உருக்கைத் தோற்கடிக்கும். வாங்குகிறவருக்கு விளம்பரத்தில் தெரிவது உருக்கின் பெயர் மட்டும் என்பதால், விற்பவர்களுக்குப் பெயரை மேம்படுத்துவதில் உள்ள அக்கறை உலையை மேம்படுத்துவதில் வருவதில்லை.

பதத்தை எப்படி அறிவது? கடினத்தை அளக்கும் ராக்வெல் முறையில், கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ விசையோடு உருக்கில் அழுத்தி, அது பதியும் ஆழத்தை எச்.ஆர்.சி. என்ற எண்ணாகச் சொல்வார்கள். 3சிஆர்13 அலகு 52 முதல் 55 வரை வரும்; 8சிஆர்13எம்ஓவி 57 முதல் 59; டி2, 14சி28என் இரண்டும் 60ஐ ஒட்டி நிற்கும். தயாரிப்பாளர் இந்த எண்ணைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லத் துணிந்தவர் அளக்கவும் செய்திருக்கக்கூடும். எண் குறைவாக இருப்பது இழிவும் அன்று. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் தன் சட்டைப்பைக் கத்தியின் அலகு 56தான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த 56 கத்திக்குக் கத்தி மாறாமல் வருவதுதான் அதன் பெருமை. வீட்டில் வைர முனை இல்லாதவர்கள், கடினத்தைச் சோதிப்பதற்கென்றே 40 முதல் 65 வரை ஐந்து ஐந்தாக எண்ணிட்டு விற்கப்படும் அரங்களின் தொகுதியைப் பயன்படுத்தலாம். அலகின் முதுகில், பிடிக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரத்தை இலேசாக இழுத்தால், மென்மையான உருக்கில் அது கடிக்கும்; தன்னைவிடக் கடினமான உருக்கில் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கும். நான் சொன்ன இணையில் ஒன்றில் 55ஆம் அரம் வழுக்கியது, மற்றொன்றில் அதே அரம் கடித்து, விரல் நுனியில் சாம்பல் நிறத் தூளை விட்டுச்சென்றது. இரண்டு அலகுகளிலும் பொறிக்கப்பட்டிருந்த உருக்கின் பெயர் ஒன்றே.

பொறிப்பு பொய்யாக இருக்குமோ என்ற ஐயத்தில் சிலர் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வுத் துப்பாக்கியால் உருக்கைச் சோதித்து முடிவு சொல்கிறார்கள். அந்தக் கருவி குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் காட்டும். கார்பனை அதனால் காண முடியாது. கூர் நிற்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது கார்பன். 13 விழுக்காடு குரோமியம் இருக்கிறது, ஆகவே சரக்கு அசல் என்று அதை வைத்து மட்டும் முடிவுகட்டினால், தாழ்ந்த உருக்கும் உயர்ந்த உருக்காகத் தேறிவிடும்.

வாயைப் பற்றி. புதுக் கத்தி தாளைச் சரசரவென்று கிழித்தால் மயங்கிவிடக் கூடாது. தடித்த, மட்டமான அலகுக்கும் ஒரு நாள் கூரைத் தந்துவிடலாம். விளக்கின் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்து, கண்ணுக்கு நேராக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. கறுத்த கோடாகத் தெரியும். எங்கேனும் மின்னும் புள்ளி தெரிந்தால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது உதிர்ந்திருக்கிறது. ஒரு பக்கமாக மட்டும் மெல்லிய வெள்ளி இழை ஓடினால் அது பிசிர். சாணை பிடித்தவர் அதை எடுக்காமல் விட்டிருக்கிறார். பிசிரும் முதல் இரண்டு நாள் அபாரமாக வெட்டும், மூன்றாம் நாள் மடிந்துவிடும், வாங்கியவர் உருக்கைத் திட்டுவார். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் பட்டையில் தண்ணீர் விடாமல் தீட்டும்போது, முடி அளவே உள்ள வாயின் விளிம்பு சூடேறிப் பதத்தை இழப்பதும் உண்டு. ஆகவே மலிவுக் கத்தியை அது கொண்டுவந்த கூரை வைத்து மதிப்பிடாமல், நீங்களே இரண்டு முறை கல்லில் தீட்டி, வெந்த விளிம்பைப் போக்கிய பிறகு மதிப்பிடுவதே நியாயம். இரண்டாம் தீட்டலுக்குப் பிறகும் பார்சல் பெட்டிகளின் நெளிவு அட்டை பத்து முழம் அறுப்பதற்குள் தாளை இழுத்துக் கிழிக்கத் தொடங்கினால், குற்றம் உருக்கின் பதத்தில்தான் இருக்கிறது.

கூரைவிட முக்கியமானது கூருக்குப் பின்னால் உள்ள தடிமன். தீட்டிய சரிவு முடிந்து அலகின் பக்கம் தொடங்கும் இடத்தில் தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்தால் அரை மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் அந்தக் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் வெட்டாது. ஆப்பு வைத்ததுபோல் பொருளைப் பிளந்துகொண்டு போகும். மலிவுக் கத்திகள் தடித்து வருவதற்கு ஒரு காரணம் உண்டு: பதப்படுத்திய உருக்கை மெல்லியதாக அரைக்க நேரமும் பட்டையும் செலவாகும், மெல்லிய அலகு உலையில் வளைந்தும் போகும். காலிப்பர் இல்லாதவர் இரு பக்கச் சரிவுகளும் ஒரே அகலத்தில் ஓடுகின்றனவா என்றாவது பார்க்கலாம். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் கத்தி நேராக இறங்காமல் ஒரு பக்கம் இழுக்கும்.

இனிப் பூட்டு. உருக்கில் ஏமாந்தால் பணம்தான் போகும். பூட்டில் ஏமாந்தால் விரல் போகும். இன்று மலிவுக் கத்திகளில் மிகுதியாகக் காணப்படுவது, பிடியின் உட்புறத் தகடே வளைந்து வந்து, திறந்த அலகின் அடிமுகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் தகட்டுப் பூட்டு. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த இந்தப் பூட்டு செய்வதற்கு எளிது, சரியாகச் செய்வதற்கு அரிது. அலகின் அடிமுகம் 7 அல்லது 8 பாகை சாய்வில் அரைக்கப்பட்டிருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் தகடு சிக்கிக்கொண்டு விடுபட மறுக்கும். மிகுந்தால் அழுத்தத்தில் வழுக்கி வெளியே வந்துவிடும். இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

என் கைக்கு அது தெரிந்தது மிகவும் தாமதமாக. பார்சல் ஒன்றைக் கட்டியிருந்த அகலமான நெகிழிப் பட்டையை அறுக்கும்போது கத்தி சிக்கிக்கொண்டது. வெளியே இழுப்பதற்காகப் பிடியைச் சற்று முறுக்கினேன். டிக் என்ற ஓசைகூட இல்லாமல் பூட்டு விலகி, அலகு என் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவின் மேல் மடிந்தது. நான்கு தையல். அந்தக் கத்தியைச் செய்தவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அதே பெயருள்ள அதன் இணை இன்றுவரை ஒழுங்காக உழைக்கிறது. காயம் ஆறிய பிறகு இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நல்ல கத்தியின் அடிமுகத்தில் தகடு உராய்ந்த தடம் அகலமான பட்டையாக, முகத்தின் முழு உயரத்துக்கும் படிந்திருந்தது. என்னைக் கடித்த கத்தியில் அந்தத் தடம் மேல் மூலையில் ஒரு நகத்துணுக்கு அளவே இருந்தது; முகத்தின் மீதிப் பகுதியில் கறுப்புப் பூச்சு கலையாமல் புதிதாக மின்னியது. அதாவது தகடு அலகைத் தாங்கியது ஒரு மூலையில் மட்டும், அதுவும் வழுக்கும் பூச்சின் மேல். இதை வாங்கிய அன்றே கண்டிருக்கலாம். உருக்கை அளந்து பார்த்த நான் பூட்டைப் பார்க்கவில்லை. தொழில்காரனின் செருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று முதல் நான் செய்துவருவது இது. அலகை முழுதாகத் திறந்து, தகடு அடிமுகத்தின் அகலத்தில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை ஏறி நிற்கிறதா என்று பார்க்கிறேன். விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றால் ஆபத்து. மறுபக்கத் தகட்டைத் தொடும்வரை ஓடிப்போயிருந்தால், தேய்மானத்துக்கு இடமே மிச்சமில்லை. பிறகு அலகின் நுனியைப் பிடித்து இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைக்கிறேன். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அலகு சுழலும் சுழலாணியை இறுக்கினால் போய்விடும். மேல்கீழ் ஆட்டம் பூட்டும், திறந்த அலகைத் தடுத்து நிறுத்தும் தடுப்பாணியும் பொருந்தவில்லை என்பதன் அடையாளம். அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைசியாக, பிடியை உள்ளங்கைகளின் அடிப்பாகத்தால் பற்றி, அலகு மடிந்தாலும் விரல் அதன் பாதையில் இராதபடி எல்லா விரல்களையும் விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுகிறேன். பிடியை இலேசாக முறுக்கியும் பார்க்கிறேன். முதுகை ஓங்கிப் பலகையில் அடித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அடியில் நல்ல பூட்டும் துள்ளி விலகக்கூடும், சோதனையே பூட்டைக் கெடுக்கவும் கூடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் பக் நிறுவனத்து 110ஆம் எண் கத்தி 1964இல் பரவலாக்கிய, பிடியின் முதுகில் அமைந்த முதுகுப் பூட்டுக்கும், குறுக்காணி வில்விசையில் முட்டுக்கொடுக்கும் புதிய பூட்டுகளுக்கும் இதே அழுத்தச் சோதனை பொருந்தும். குறுக்காணிப் பூட்டில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது அதன் இரு வில்கம்பிகள். மலிவு வகைகளில் அவை முறிவதுண்டு, ஒன்று முறிந்தாலும் மற்றது தாங்குவதால் உடையவருக்குத் தெரியாமலேகூட இருக்கும்.

மூடிய நிலையிலும் கவனிக்க ஒன்று உண்டு. தகட்டுப் பூட்டுக் கத்திகளில் அலகைப் பிடிக்குள் பிடித்துவைப்பது பூட்டுத் தகட்டில் பதித்த ஒரு சிறு குண்டு. கத்தியை மூடி, முனை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து நன்றாக உதறினால் அலகு அசையக் கூடாது. அசைந்தால் அந்தக் கத்தி சட்டைப்பைக்குள் தானாகத் திறக்கும் நாள் ஒன்று வரும். கடையில் இதைச் சோதிக்க நொடி நேரம் போதும். அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்பதற்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் எனக்கு மிகையாகவே தெரிகிறது. தகட்டில் உரசாத வரையில் சற்றே ஒதுங்கி நிற்பது அழகுக் குறை மட்டுமே.

திருகுகளைப் பற்றிச் சுருக்கமாக: ஆறுமுனைத் திருகின் தலை முதல் முறை திருகும்போதே சிதைந்தால், தயாரிப்பாளர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்ன செய்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். சுழலாணியில் வெண்கல வாஷரா, நெகிழி வாஷரா, மணித்தாங்கியா என்பதில் அவ்வளவு அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. மணித்தாங்கி அலகை விசிறிபோல் திறக்கவைக்கும். மணலும் நூல்துணுக்கும் புகுந்தால் அதுவே முதலில் கரகரக்கும். கறுப்புப் பூச்சு, அலை அலையாக டமாஸ்கஸ் உருக்குபோல் தெரியும்படி லேசரால் பொறித்த கோலம், ஒரே சொடுக்கில் பறந்து திறக்கும் வேகம் ஆகிய மூன்றும் விற்பனைக்கு உதவுபவை. வெட்டுவதற்கு உதவுபவை அல்ல. டமாஸ்கஸ் கோலம் மெய்யா பொய்யா என்று பார்க்க அலகின் முதுகைப் பார்த்தால் போதும். உருக்கை மடித்து அடித்துச் செய்ததென்றால் அடுக்குகளின் கோடுகள் பெரும்பாலும் முதுகிலும் தொடரும். மேலே பொறித்ததென்றால் பக்கத்தோடு நின்றுவிடும்.

தங்கள் கட்டுரையாளரிடம் எனக்குக் கோபம் இல்லை. பெட்டியைத் திறந்து, பிடியின் நிறத்தை வருணித்து, தாளைக் கிழித்துக் காட்டி, விலைக்கு ஏற்ற பொருள் என்றோ விலைக்கும் தகாத பொருள் என்றோ முடிப்பதுதான் இத்தகைய கட்டுரைகளின் வழக்கமாகிவிட்டது. ஆனால் வாசகர்கள் அதை நம்பி வாங்குகிறார்கள், வாங்கியதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தில் ஒரு கத்தியைப் பற்றி எழுதும்போது உருக்கின் பெயர், அளந்து பார்த்த கடினம், வாய்க்குப் பின்னுள்ள தடிமன், பூட்டுத் தகடு ஏறி நிற்கும் அளவு ஆகிய நான்கையும் தந்தால் நன்றாக இருக்கும். ஒரே வகையில் ஒன்றல்ல, மூன்று கத்திகளையாவது தனித்தனியாக வாங்கிப் பார்த்தார்களா என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை தீட்டிய பிறகு எழுதினால் இன்னும் நல்லது.

கட்டுரையாளர் விரும்பினால் என் மேசையிலுள்ள அந்த இரண்டு கத்திகளையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஒரே நாளில், ஒரே விலைக்கு நான் வாங்கியவை. எது நல்லது என்று குறிப்பு எழுதி ஒட்ட மாட்டேன். அவரே கண்டுபிடிக்கட்டும், விரலை மட்டும் அலகின் பாதையில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கருவிப் பட்டறையில் ஓய்வு பெற்ற தங்கள் வாசகர்